260 ஆட்டங்களுக்குள் என்ன செய்வது?

பெரும்பாலான வேலைகளில் அனுபவம் ஏற ஏற மதிப்பும் ஏறும். வட அமெரிக்காவின் ஈசிஎச்எல் ஐஸ் ஹாக்கி லீக்கில் அனுபவத்துக்கு உச்சவரம்பு உண்டு. தொழில்முறை லீக்குகளில் 260 ஆட்டங்களை முடித்தவரை அங்கே ‘வெட்டரன்’ என்கிறார்கள். ஓர் அணியில் அப்படிப்பட்டவர்கள் நான்கு பேருக்குத்தான் இடம். கோல்கீப்பர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சீசனுக்கு 72 ஆட்டங்கள் என்பதால், காயமின்றி ஆடுபவர் நான்காவது சீசனிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். 22 வயதில் சேர்ந்தவருக்கு அப்போது 26 தான் ஆகியிருக்கும். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞருக்கும், டொரொன்டோவிலோ மான்ட்ரியாலிலோ விடியற்காலையில் பிள்ளையைப் பயிற்சிக்குக் காரில் கொண்டுபோய் விடும் தமிழ்ப் பெற்றோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்த 260 ஆட்டங்களுக்குத் திட்டம் வேண்டும்.

அடுக்கு முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உச்சியில் என்எச்எல். அதற்குக் கீழே 1936-இல் தொடங்கிய ஏஎச்எல். அதன் ஒவ்வோர் அணியும் ஓர் என்எச்எல் அணியோடு இணைந்தது. மூன்றாவது படி, 1988-இல் பிறந்த ஈசிஎச்எல். ஊதியத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 2025–26 சீசனில் என்எச்எல்லின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 டாலர். ஏஎச்எல்லில் அது சுமார் 50,000 டாலர். ஈசிஎச்எல்லில் சமீப ஆண்டுகளில் புதியவர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 500 டாலரைச் சற்றே தாண்டியிருந்தது. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் சீசன் முடிந்ததும் அதுவும் நின்றுவிடும்.

சம்பளத்தோடு வீடும் அணியே தருகிறது. இது பெரிய உதவிதான். ஆனாலும் எச்சரிக்கை தேவை. உங்களை அணி வேறோர் ஊருக்கு மாற்றலாம், விடுவித்தும் விடலாம். வேலை போகும் அன்று வீடும் கையைவிட்டுப் போகும். அதனால் இரண்டு பெட்டிக்குள் அடங்கும் வாழ்க்கையை வைத்துக்கொள்ளுங்கள். தவணையில் கார் வாங்காதீர்கள். ஒரு மாதச் செலவுக்கான பணம் எப்போதும் வங்கியில் இருக்கட்டும். கோடையில் சிறுவர்களுக்கான ஹாக்கி முகாம்களில் பயிற்சி தரும் வேலை கிடைக்கும். அதைச் சீசன் நடக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

எந்த அணியில் சேர்வது? வாரத்துக்கு ஐம்பது டாலர் கூடுதலாகத் தரும் இடத்துக்கு ஓடுபவர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். உங்கள் ஆட்டத்தைப் பார்த்து மேலே கூப்பிடுபவர்களுக்கு, நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் பார்க்க எதுவும் இல்லை. கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில் இறக்குவீர்களா? கடைசி ஐந்து நிமிடங்களில் ஒரு கோல் முன்னிலையைக் காக்க என்னை நம்புவீர்களா? போன சீசனில் உங்கள் அணியிலிருந்து எத்தனை பேர் ஏஎச்எல்லுக்குப் போனார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் கையெழுத்திட அவசரப்பட வேண்டாம்.

மேலே போக வழக்கமான வாசல், 25 ஆட்டங்கள் வரைக்குமான ‘டிரை-அவுட்’ ஒப்பந்தம். ஏஎச்எல் அணியில் யாருக்காவது காயம் என்றால் போன் வரும். அடுத்த நாளே ஆட வேண்டியிருக்கும். அங்கே கோல் அடித்துக் காட்டத் துடிப்பது இயல்புதான். பல நேரம் அந்த அணிக்குத் தேவைப்படுவதோ, தவறில்லாமல் நான்காவது வரிசையில் ஆடி, எதிராளியின் ஷாட்டை உடம்பால் மறித்து, ‘பக்’ எனும் ஆட்ட வட்டை நம் பகுதியிலிருந்து வெளியே தள்ளும் ஒருவர். அதைச் செய்பவரை மறுபடியும் கூப்பிடுவார்கள்.

ஈசிஎச்எல்லிலிருந்து உச்சி வரை ஏறியவர்கள் இருக்கிறார்கள். ஜொனாதன் குவிக் 2007–08-இல் ரெடிங் நகரின் ஈசிஎச்எல் அணியில் கோல் காத்தவர். 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் அணியோடு என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்று, பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். இளம் ஆட்டக்காரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்டில் எந்த என்எச்எல் அணியும் தேர்ந்தெடுக்காத அலெக்ஸ் பரோஸ் ஈசிஎச்எல்லில் தொடங்கி, வான்கூவர் அணியின் முதல் வரிசை வரை வந்தார். ஆனால் இவர்களைக் காட்டி உங்கள் வாழ்க்கைக்குக் கணக்குப் போடாதீர்கள். அதே ஆண்டுகளில் அதே பேருந்துகளில் போன பெரும்பாலோர் என்எச்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

அந்தப் பேருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று இரவுகளில் மூன்று ஆட்டங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில் வரலாம். ஆட்டம் முடிந்ததும் ஏறினால் விடியும்போது அடுத்த ஊர். இங்கே தூக்கமும் பயிற்சியின் ஒரு பகுதிதான். பெட்ரோல் பங்க் பீட்சாவை நம்பாமல் சோறும் கோழியும் சமைத்து டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இடம் போய்விடுமோ என்று மறைப்பவர்கள் பலர். குறிப்பேட்டில் ஏறாத காயத்துக்குப் பின்னாளில் இழப்பீடு கேட்பது மிகக் கடினம். மூளைக்கு மாற்று உறுப்பும் கிடையாது.

அடுத்த தொழிலுக்கான படிப்பை ஆடும்போதே தொடங்குங்கள். பேருந்தில் வாரத்துக்குப் பல மணி நேரம் சும்மா கிடைக்கிறது. இணையவழியில் ஒரு பாடத்தையாவது முடிக்கலாம். கனடாவின் ஜூனியர் லீக்கில் ஆடியவர்களுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அது என்னவாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பேனாவை எடுங்கள். பிரிட்டனில் சில கிளப்கள் ஆட்டத்தோடு முதுகலைப் படிப்பையும் சேர்த்துத் தருகின்றன. வெட்டரன் எல்லையைத் தொட்டவருக்கு இது மிக நல்ல வழி என்பது என் கருத்து.

பயிற்சியாளராகும் ஆர்வம் இருந்தால் ஜாரெட் பெட்னாரின் பாதையைப் பாருங்கள். அவர் என்எச்எல்லில் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. தென் கரோலினாவின் ஈசிஎச்எல் அணியில் டிஃபென்ஸ் ஆடி, அங்கேயே கோச் ஆகி, 2009-இல் அந்த லீக்கின் கெல்லி கோப்பையை வென்றார். 2016-இல் ஏஎச்எல்லின் கால்டர் கோப்பை, 2022-இல் கொலராடோவுடன் ஸ்டான்லி கோப்பை.

ஏஎச்எல், ஈசிஎச்எல் ஆட்டக்காரர்களுக்கு 1967 முதல் இயங்கும் தொழிற்சங்கம் இருக்கிறது. ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சங்கத்துக்கு ஒரு போன் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேளுங்கள்.