பழைய பாய்மரப் படகைப் புதுப்பித்தல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1960களிலிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகுகள் ஏராளமாகக் கட்டப்பட்டன. அவற்றில் பல இன்று அடிமாட்டு விலைக்கு விற்பனைக்கு வருகின்றன. ஆசையோடு வாங்கியவர்களில் சிலர், பாதி வேலையில் பணமும் மனமும் தீர்ந்துபோய்ப் படகை யார்டிலேயே விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் போட்ட தப்புக் கணக்குதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். அந்தக் கணக்கைக் கெடுக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: படகு மலிவாகக் கிடைத்தால் பாதிச் செலவு மிச்சம்.

உண்மை: பிரான்சிஸ் சிசெஸ்டர் 1966–67இல் தனியாக உலகைச் சுற்றிவந்த 'ஜிப்ஸி மாத் 4' படகு, பின்னாளில் ஒரு பவுண்டுக்கும் ஒரு கோப்பை ஜின் டானிக்குக்கும் கைமாறியது. அதை மீண்டும் கடலுக்குத் தகுதியாக்கி 2005இல் நீரில் இறக்குவதற்குள் லட்சக்கணக்கான பவுண்டு செலவானது. பாயும் வடமும் விற்பவர், நீங்கள் படகை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டு விலை சொல்வதில்லை. நீளத்தையும் கவனியுங்கள். 30 அடிப் படகை விட 40 அடிப் படகு மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல் நீளம். அதே வடிவத்தில் கட்டினால் எடையோ இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பாய், பெயின்ட், எஞ்சின் செலவெல்லாம் அதற்கேற்ப ஏறும்.

நம்பிக்கை: கரையில் ஏற்றி வைத்த படகு கெடாது.

உண்மை: ஜிப்ஸி மாத் பாழானதே லண்டன் கிரீனிச்சில் பல பத்தாண்டுகள் கரையில் காட்சிக்கு நின்ற காலத்தில்தான். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969இல் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி முடித்த 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. அதுவும் கிரீனிச் அருங்காட்சியகத்தின் உலர்ந்த காற்றில் பலகைகள் சுருங்கத் தொடங்கியதால் 2002இல் வெளியே எடுக்கப்பட்டது. கரையில் நிற்கும் படகுக்கு யார்டு வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை மாத வேலை என்பதும் பட்ஜெட்டில் ஒரு வரி.

நம்பிக்கை: துருப்பிடிக்காத எஃகு பளபளப்பாக இருந்தால் கவலையில்லை.

உண்மை: பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களைப் படகோடு பிணைக்கும் எஃகுப் பட்டைகள் மேல்தளத்தைத் துளைத்து உள்ளே போகின்றன. அந்த இடுக்கில் தேங்கும் உப்புநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் எஃகின் பாதுகாப்புப் படலம் அழிகிறது. பட்டையைக் கழற்றிப் பார்த்தால் மேலும் கீழும் மின்னும். நடுவில் மட்டும் பழுப்பேறி, ஊசிமுனைக் குழிகளும் விரிசலும் தெரியும். அதே துளை வழியே நீர் மேல்தளத்துக்குள் இறங்கி, இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் உள்ள பால்சா மரத்தை மக்கச் செய்யும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் 'டக்' என்று ஒலிக்கும், மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும்.

நம்பிக்கை: முதலில் கேபினையும் கருவிகளையும் சரிசெய்யலாம்.

உண்மை: நீரை வெளியே நிறுத்துவதும் பாய்மரத்தை நிமிர்த்தி வைப்பதும்தான் முதல் வேலை. 2014 மே மாதம் 'சீக்கி ரஃபிக்கி' என்ற படகு அட்லாண்டிக்கில், அடியில் எடைக்காகப் பொருத்திய ஏரா கழன்று கவிழ்ந்தது, அதிலிருந்த நால்வரும் இறந்தனர். முன்பு தரைதட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்பும் பிணைப்பை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை. ஆகவே ஏரா போல்ட்டுகள், கடல்நீர் வால்வுகள், வடங்கள், சுக்கான் முதலில், அடுத்து எஞ்சின், மெத்தையும் வார்னிஷும் கடைசியில். மின்னணுக் கருவிகளை முன்கூட்டியே வாங்கினால், படகு நீரில் இறங்குவதற்குள் வாரண்டி முடிந்துவிடும்.

நம்பிக்கை: எல்லாவற்றையும் நாமே செய்தால் கூலி மிச்சம்.

உண்மை: கழற்றுவது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது போன்றவற்றைத் தாராளமாக நீங்களே செய்யலாம். ஆனால் அடிப்பகுதியின் பழைய பாசித்தடுப்புப் பெயின்ட் நச்சுத்தன்மை கொண்டது. ஈரத் தேய்ப்பும் தகுந்த சுவாசக் கவசமும் கட்டாயம். கட்டமைப்பு வேலையைக் கைதேர்ந்தவரிடம் விடுங்கள். வார இறுதிகளில் மட்டும் வேலை நடந்தால், மிச்சமான கூலியை வாடகை தின்றுவிடும்.

பணம் கொடுக்குமுன் படகை நீரிலிருந்து தூக்கி, விற்பவருக்குத் தொடர்பில்லாத சர்வேயரிடம் காட்டுங்கள். அவர் அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் விலைப்புள்ளி வாங்கிக் கூட்டுங்கள். எதிர்பாராத செலவுக்கு அதில் கால் பங்கையாவது மேலே சேருங்கள். போட்ட பணம் விற்கும்போது திரும்பும் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் திரும்பாது. கூட்டுத்தொகை கைக்கு மீறினால் தயங்காமல் விலகிவிடுங்கள். முன்னவர் ஒழுங்காகப் பராமரித்த படகு, விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், கடைசிக் கணக்கில் அதுவே மலிவு.