டிரம் சுற்றுகிறது, சூடு வரவில்லை: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் குன்னூரில் சின்னதாக ஒரு லாண்டரி நடத்துகிறோம். லாட்ஜ்களின் பெட்ஷீட்டும் துண்டும்தான் எங்கள் பிழைப்பு. மழைக்காலத்தில் மூன்று நாளானாலும் துணி காயாது. அதனால் வங்கிக் கடன் வாங்கி, 2,80,000 ரூபாய்க்கு கேஸ் டிரையர் ஒன்று வாங்கினோம். ஒரு வருட வாரண்டி. எட்டாவது மாதத்தில் டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை. சர்வீஸ்காரர் வந்து பார்த்து, "பஞ்சு அடைச்சிருக்கு, கேஸ் பிரஷரும் கம்மி, வாரண்டியில வராது" என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வியாபாரம் செய்கிறவர்கள் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறார் டீலர். பில்லிலும் 'வழக்குகள் மும்பை நீதிமன்றங்களில் மட்டும்' என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஃபியூஸை எடுத்துவிட்டு வயரை நேரடியாக இணைத்தால் ஓடும் என்கிறார் உள்ளூர் மெக்கானிக். என்ன செய்யலாம்?
- வாசகி, குன்னூர்

பதில்: அம்மா, முதலில் அந்த மெக்கானிக்கை மெஷின் பக்கம் விடாதீர்கள். காற்று போகும் வழி அடைத்து, சூடு அளவுக்கு மீறினால் பர்னரை நிறுத்துவதற்காகத்தான் அந்த தெர்மல் ஃபியூஸ் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, பஞ்சுத் தூசி படிந்த மெஷினில் கேஸை எரிய விட்டால் கடையே தீப்பிடிக்கலாம். வழக்குக்கும் அது கேடு. வெளியாள் கை வைத்துவிட்டார் என்ற ஒரு வரி போதும், எதிர்த்தரப்பு வாரண்டியைக் கைகழுவிவிடும்.

டீலர் சொன்னது பாதிதான் உண்மை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கித் தானே பயன்படுத்துபவரை அது விலக்கவில்லை. இதை விளக்கிய முக்கியமான தீர்ப்பு, 1995-இல் வந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அல்ல என்றுதான் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் பிழைப்புக்காக லேத் மெஷின் வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் நிலை அதுதான். வாங்கியது வணிக நோக்கத்துக்கு என்பதை எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அவர்கள் நிரூபித்துவிட்டால், சுயதொழில் என்று காட்டும் பொறுப்பு உங்களுக்கு வரும். அதற்கு வங்கிக் கடன் ஆவணமே நல்ல சாட்சி. டிரையரை ஓட்டுவது நீங்கள் இருவரும்தான் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். பத்து ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து நடத்துகிறீர்கள் என்றால் என் பதிலே வேறு.

இந்த வழக்கின் உயிர், சூடு ஏன் வரவில்லை என்ற கேள்வியில்தான் இருக்கிறது. இக்னைட்டரோ கேஸ் வால்வின் காயிலோ பழுதாகியிருந்தால் அது மெஷினின் குறை. பஞ்சு அடைப்பு என்றால் பராமரிப்பு சரியில்லை என்று உங்கள் மேல் பழி வரும். "பிரஷர் கம்மி" என்பதை வெறும் பேச்சாக விடாதீர்கள். மானோமீட்டர் வைத்து அளந்தாரா, எவ்வளவு இருந்தது என்று எழுதிக் கேளுங்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும், அதற்கேற்ப பர்னர் ஜெட்டை மாற்ற வேண்டும் என்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன. கடுங்குளிரில் சிலிண்டரிலிருந்து கேஸ் வருவதும் குறையும். மெஷின் குன்னூருக்குத்தான் போகிறது என்று தெரிந்தே விற்றுப் பொருத்திக் கொடுத்தவர், இதையெல்லாம் கவனித்தாரா? இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். கவனிக்கவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு, பதில் சொல்ல வேண்டியவர் டீலர்.

ஒன்றை மறைக்காமல் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் போடுவது 19 கிலோ வணிக சிலிண்டரா, 14.2 கிலோ வீட்டு சிலிண்டரா? வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. கட்டுப்பாட்டு ஆணைக்கு எதிரானது. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். அப்படி இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

மும்பை என்று அச்சடித்ததற்காகப் பயப்பட வேண்டாம். நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது சட்டத்தின் 34-ஆவது பிரிவு. உங்களுக்கு அது உதகையில் உள்ள மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது.

இந்த வாரமே டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். எந்தத் தேதியில் சூடு நின்றது, யார் வந்து என்ன சொன்னார்கள், எழுத்து அறிக்கை தராதது எல்லாம் அதில் வரட்டும். வாரண்டி முடிவதற்குள் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். டிரம் சுற்றுவதையும் சுடர் எரியாததையும் வீடியோ எடுத்து வையுங்கள். வெளியே துணி காயவைக்கக் கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள், நஷ்டஈடு கேட்க அதுதான் கணக்கு. 15 நாளில் பதில் இல்லையென்றால் பழுதை நீக்க வேண்டும், இல்லையேல் மாற்றித்தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று கேட்டு மனுப் போடுங்கள். குறையைச் சோதித்தால்தான் தெரியும் என்பதால், நிபுணரை வைத்து மெஷினைப் பார்க்கச் சொல்லித் தனி மனுவும் கூடவே போடுங்கள். சட்டம் இரண்டு வருடம் அவகாசம் தருகிறது. ஆனால் அதுவரை அந்த மெஷினைப் பிரிக்காமல் வைத்திருக்க உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வாரமே என்கிறேன்.