யானிலிருந்து தீக்காயத் தாதிமைப் பட்டமேற்படிப்பு வரை: ஒரு முழுமையான வழிகாட்டி

அறுவடை முடிந்த வயலில் வைக்கோலுக்கு வைக்கும் தீ, அடுப்பிலிருந்து சரியும் கொதிநீர், தீபாவளிப் பட்டாசு, மோட்டார் சைக்கிளின் சூடான புகைக்குழாய், தோட்டத்து மாரியம்மன் கோவில் தீமிதி. மலேசியாவின் கெடா மாநிலத்து யான் வட்டாரத்தில் தீக்காயத்துக்குக் காரணங்கள் குறைவில்லை. காயம் பட்டவர் முதலில் பார்ப்பது பிளாஸ்டிக் அறுவை நிபுணரை அல்ல. கிளினிக் டேசாவில் இருக்கும் ‘மிஸ்ஸி’யை, அல்லது யான் மருத்துவமனை அவசரப் பிரிவில் நிற்கும் தாதியை.

அந்தத் தாதி இத்துறையில் பட்டமேற்படிப்பு வரை போக விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? தீக்காயத் தாதிமை என்றே பெயர் போட்ட படிப்பு உலகில் சில இடங்களில்தான் உண்டு. எனவே ஒரே விண்ணப்பத்தில் முடிகிற காரியம் இல்லை இது. படிப்படியாகக் கட்டிக்கொள்ள வேண்டியது. வார்டு அனுபவம் முதலில், சான்றிதழ் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் கையில் பட்டம் இருக்கும், கட்டு மாற்றும்போது கை நடுங்கும்.

## வேலை எப்படிப்பட்டது?

விண்ணப்பப் படிவத்தைத் தேடுவதற்கு முன் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாளில் மூச்சுப்பாதை, சொட்டு மருந்து, சிறுநீர் அளவு. முதல் வாரத்தில் வலி, கிருமித் தொற்று, சத்துணவு. அதன்பின் தோல் ஒட்டிய இடமும் தோல் எடுத்த இடமும், ஒரே நோயாளிக்கு இரண்டு புண்கள். பிறகு மூட்டுகள் மடங்கி இறுகாமல் இருக்கப் பயிற்சி, தழும்பை அமுக்கி வைக்கும் இறுக்கமான உடுப்பு. அந்த உடுப்பை ஒரு நாளில் 23 மணி நேரம், பல மாதங்களுக்குப் போட்டிருக்கச் சொல்வார்கள். கெடா வெயிலில் அதைப் போட்டுக்கொள்ள ஒரு சிறுமியைச் சம்மதிக்க வைப்பதும் தாதியின் வேலைதான்.

இந்தப் பயிற்சியின் தேவை பேரிடரில் பளிச்சென்று தெரியும். 1991 மே 7-ல் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்ளர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தபோது 26 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2025 ஏப்ரல் 1-ல் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் பற்றி எரிந்தது. இப்படிப்பட்ட நாளில் சிறப்புப் பிரிவின் படுக்கைகள் போதாது; சாதாரண வார்டுகளிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்க வேண்டும்.

## படி 1: பதிவும் ஆண்டுச் சான்றிதழும்

மலேசியாவில் தாதியாகப் பணிபுரிய, 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படி மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு வேண்டும். பணிச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர வேண்டும். தீக்காயம், புண் பராமரிப்பு தொடர்பான பட்டறைகளையே தேர்ந்தெடுத்து இந்தப் புள்ளிகளைச் சேர்த்தால், பின்னால் விண்ணப்பக் கடிதத்தில் உங்கள் ஆர்வத்துக்கு அதுவே சாட்சி.

இன்னும் பள்ளியில் இருப்பவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள்: சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள், அல்லது தனியார் கல்வி நிலையங்கள். குனோங் ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம் பீடோங் அருகே, 2001-ல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. டிப்ளோமா மூன்று ஆண்டு, இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டு. பட்டமேற்படிப்புதான் இலக்கு, வசதியும் இருக்கிறது என்றால் நேரே பட்டத்தில் சேர்வது ஒரு படியை மிச்சப்படுத்தும்.

## படி 2: சரியான வார்டு

யான் போன்ற மாவட்ட மருத்துவமனையில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு: முதலுதவி, காயத்தை மதிப்பிடுதல், பெரிய மருத்துவமனைக்குப் பத்திரமாக அனுப்பி வைத்தல். ஆனால் பெருந்தீக்காய நோயாளியை நாள்கணக்கில் கவனிக்கும் வாய்ப்பு அங்கே வராது. எனவே ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் வடக்கே அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனைக்கோ, தெற்கே சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ இடமாற்றம் கேளுங்கள். அறுவை வார்டு, அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய மூன்றில் இரண்டிலாவது வேலை பார்த்திருப்பது நல்லது.

கோலாலம்பூர் மருத்துவமனை, சுங்கை பூலோ மருத்துவமனை, குபாங் கிரியானில் உள்ள மலேசிய சயின்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவை தீக்காயச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றவை. அங்கே குறுகிய காலம் உடனிருந்து பார்க்க அனுமதி கிடைக்குமா என்று உங்கள் மேட்ரன் மூலம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். நோயாளியின் பெயர், அடையாள அட்டை எண் எதுவும் வேண்டாம். காயத்தின் காரணம், ஆழம், அளவு, நீங்கள் செய்தது, விளைவு, இவை போதும்.

## படி 3: விரல் நுனியில் இருக்க வேண்டிய கணக்குகள்

எந்த நேர்காணலிலும் கேட்கப்படுபவை இவை. வார்டில் உயிரைக் காப்பவையும் இவையே.

பரப்பளவு. பெரியவர்களுக்கு ‘ஒன்பது விதி’: தலை 9 விழுக்காடு, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடம்பின் முன்பக்கம் 18, முதுகுப்பக்கம் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. குழந்தைகளுக்குத் தலை பெரிது, கால் சிறிது. அதற்கு 1944-ல் வந்த லண்ட்–ப்ரௌடர் அட்டவணை. சிதறிய சிறு காயங்களுக்கு நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை ஏறத்தாழ 1 விழுக்காடு. வெறுமனே சிவந்த இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நீர்மம். பார்க்லாந்து சூத்திரம்: 4 மில்லிலிட்டர் × எடை × எரிந்த விழுக்காடு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 20 விழுக்காடு எரிந்திருந்தால் 4,800 மில்லிலிட்டர். அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில், மீதி அடுத்த 16 மணி நேரத்தில். புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: 8 மணி நேரம் காயம் பட்ட கணத்திலிருந்து தொடங்குகிறது, மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. உட்புறத் தோட்டத்திலிருந்து வந்து சேரவே 2 மணி நேரம் ஆகிவிட்டால், 2,400 மில்லிலிட்டரை 6 மணி நேரத்தில், மணிக்கு 400 வீதம் ஏற்ற வேண்டும். சூத்திரம் தொடக்கம் மட்டுமே. உத்தரவு மருத்துவருடையது, ஆனால் அது சரியா என்று சொல்வது தாதி அளக்கும் சிறுநீர். பெரியவருக்கு மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிலிட்டர், அதாவது இவருக்கு 30.

ஆழம். 1953-ல் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பிரித்தார்: நடுவில் செத்த பகுதி, அதைச் சுற்றி ரத்த ஓட்டம் தடுமாறும் பகுதி, வெளியே சிவந்து நிற்கும் பகுதி. நடு வளையத்தை மீட்க முடியாது. அதைச் சுற்றியுள்ளதை மீட்கலாம். நீர்மம் குறைந்தால், தொற்று புகுந்தால் அதுவும் சாகும். தாதியின் உழைப்பெல்லாம் அந்த இரண்டாம் வளையத்துக்காகத்தான்.

முதலுதவி. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம்; காயம் பட்ட 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் கூடாது. கிச்சாப், பற்பசை, மஞ்சள் எதுவும் கூடாது. மூக்கு முடி கருகியிருந்தால், குரல் கம்மியிருந்தால் காயத்தை விட்டுவிட்டு மூச்சுப்பாதையைப் பாருங்கள்.

இவற்றை முறையாகக் கற்க, ஆஸ்திரேலிய–நியூசிலாந்து தீக்காயச் சங்கம் உருவாக்கிய ‘இஎம்எஸ்பி’ என்ற ஒருநாள் பயிற்சி பல நாடுகளில் நடக்கிறது. அருகில் எங்கே நடந்தாலும் தவறவிடாதீர்கள்.

## படி 4: உள்நாட்டு உயர்படிப்பு

சுகாதார அமைச்சுக் கழகங்களில் முன்பு ‘போஸ் பேசிக்’ என்று வழங்கி, இப்போது மேம்பட்ட டிப்ளோமாவாக இருக்கும் படிப்புகளில் ஒன்றை எடுங்கள். தீவிர சிகிச்சைத் தாதிமை எடுத்தால் முதல் 72 மணி நேரம் கைவரும். அறுவை அரங்கத் தாதிமை எடுத்தால் தோல் ஒட்டும் வேலை புரியும். என்னைக் கேட்டால் முதலாவதைச் சொல்வேன்.

அடுத்து இளநிலைப் பட்டம் இல்லாதவர்கள் அதை முடிக்க வேண்டும். மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் வேலையை விடாமலே தாதிமைப் பட்டம் படிக்கலாம். முதுநிலைக்கு மலாயாப் பல்கலைக்கழகம், சயின்ஸ் பல்கலைக்கழகம் போன்றவை உள்ளன. பட்டத்தின் பெயர் பொதுவாகத் ‘தாதிமை முதுநிலை’ என்றிருக்கும். தீக்காயத்தை ஆய்வுத் தலைப்பாக எடுத்தால் உங்கள் சிறப்பு அதுவாகும்.

## படி 5: தீக்காயத்துக்கென்றே உள்ள படிப்புகள்

லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகம் தீக்காயப் பராமரிப்பில் முதுநிலைப் படிப்பைத் தொலைவழியில் நடத்தியிருக்கிறது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை, புண் ஆறுதல் பற்றியது, பக்கத்துத் துறை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் பல்கலைக்கழகம் தீக்காயத் தாதிமையைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பட்டமேற்படிப்பை வழங்கி வந்தது. படிப்புகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், நிறுத்தவும் படும். இந்த ஆண்டுச் சேர்க்கை உண்டா என்று பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள்.

இந்தியத் தாதியர் மன்றம் தீக்காயத் தாதிமைக்கு ஓராண்டு டிப்ளோமா வகுத்திருக்கிறது. அது இந்தியாவில் பதிவு பெற்றவர்களை மனத்தில் வைத்தது. ஆனாலும் அதன் பாடத்திட்டத்தைப் படித்து, உங்களிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று அளந்து பாருங்கள். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தமிழ்நாட்டில் பேர் போனது.

சேரும் முன் மூன்று கேள்விகள்: அந்தப் பட்டத்தை மலேசியாவில் அங்கீகரிக்கிறார்களா? ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் எவ்வளவு வேண்டும்? தொலைவழிப் படிப்பென்றால், உங்கள் சொந்த வார்டில் செய்ய வேண்டிய பகுதி என்ன?

## படி 6: பணமும் விடுப்பும்

அரசுத் தாதியருக்கு முதல் கதவு ஹாடியா லத்தீஹான் பெர்செகுத்துவான் உதவித்தொகை. தேர்வானால் கட்டணமும் படிப்பு விடுப்பும் கிடைக்கும். பதிலுக்கு ஒப்பந்தக் காலம் பணியாற்ற வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்த ஆண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனையில் இருப்பவர்கள் இபிஎஃப் கணக்கின் செஜாத்ரா பகுதியிலிருந்து உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம்.

## படி 7: ஆய்வுத் தலைப்பு

நல்ல தலைப்புக்கு லண்டன் வரை போக வேண்டாம். தீக்காயத்தோடு வருபவர்களில் எத்தனை பேர் முன்பே எதையாவது தடவியிருக்கிறார்கள்? காயம் பட்டதிலிருந்து ஓடும் நீருக்கு எத்தனை நிமிடம்? தீமிதிக்குப் பின் பாதக் காயத்தை, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், எப்படிக் கவனிக்கிறார்கள்? கோவில் நிர்வாகத்தோடும் தோட்டத்துப் பெண்களோடும் தமிழில் பேசி இதைக் கேட்கக்கூடிய ஆய்வாளர்கள் அதிகம் இல்லை. நேர்காணல் குழுவிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி மட்டும் முன்கூட்டியே வேண்டும்.

## இந்த மாதம் செய்ய வேண்டியவை

பணிச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பாருங்கள். குறிப்பேட்டைத் தொடங்குங்கள். உங்கள் அவசரப் பிரிவில் லண்ட்–ப்ரௌடர் அட்டவணை ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள்; இல்லையென்றால் சிஸ்டரிடம் அனுமதி கேட்டு ஒட்டுங்கள். மேட்ரனிடம் உங்கள் விருப்பத்தை எழுத்தில் கொடுங்கள்; வாய்மொழி விருப்பம் பட்டியலில் ஏறாது. பட்டம் கைக்கு வர ஏழெட்டு ஆண்டு ஆகலாம். அடுத்த பட்டாசுக் காயம் அதுவரை காத்திருக்காது. படி 3-ஐ இன்றைக்கே படித்து முடியுங்கள்.