மேசைக்கு ஒரு டி.சி. பவர் சப்ளை: எதை வாங்கலாம், எப்படி வைக்கலாம்

சென்னை ரிச்சி தெருவில் பவர் சப்ளை கேட்டு நின்றால் கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்?" என்பதைத்தான். வாங்க வந்தவரும் கையிலிருக்கும் காசுக்கு எது அதிக ஆம்பியர் தருகிறதோ அதைத் தூக்கிக்கொண்டு போகிறார். 30 வோல்ட் 10 ஆம்பியர் பெட்டிக்குப் பக்கத்தில் 30 வோல்ட் 3 ஆம்பியர் பெட்டி அற்பமாகத் தெரிவது இயல்புதான். ஆனால் ஆர்டுயினோ, சென்சார், ஆப்-ஆம்ப், சின்ன மோட்டார் என்று வேலை நடக்கும் மேசையில் 3 ஆம்பியரை எட்டுவதே அபூர்வம். பெரும்பாலும் மில்லி ஆம்பியர் கணக்கில்தான் பிழைப்பு ஓடும்.

என் கட்சி இது: பவர் சப்ளையை அது கொடுக்கக்கூடிய கரண்டை வைத்து மதிப்பிடாதீர்கள், அது எவ்வளவு நன்றாகக் கரண்டை மறுக்கிறது என்பதை வைத்து மதிப்பிடுங்கள். வயரை மாற்றிச் சொருகிய நொடியில் உங்கள் சர்க்யூட் பிழைக்குமா, புகையுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 10 ஆம்பியர் பெட்டியில் கரண்ட் லிமிட்டை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு ஒரு ஐ.சி.யைத் தலைகீழாகப் போட்டால், ஐ.சி.யோடு பிரெட்போர்டும் உருகும்.

லீனியரா, எஸ்.எம்.பி.எஸ்.ஸா?

கடையில் இருப்பவை அடிப்படையில் இரண்டு ஜாதி. லீனியர் பெட்டிக்குள் கனமான டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், பெரிய கெப்பாசிட்டர், ஹீட்சிங்க்கில் பூட்டிய பவர் டிரான்சிஸ்டர்கள் இருக்கும். பழைய பெட்டிகளில் இரும்புத் தொப்பி போட்ட 2என்3055 பின்பக்கமே தெரியும். வேலை செய்யும் முறை, ஆக்சிலேட்டரை முறுக்கியபடியே பிரேக்கைப் பிடித்து வண்டியை மெதுவாக ஓட்டுவதுதான்: வேண்டாத வோல்டேஜையெல்லாம் டிரான்சிஸ்டர் சூடாக்கிக் கொட்டிவிடும். உள்ளே 36 வோல்ட் இருக்க, வெளியே 5 வோல்டில் 5 ஆம்பியர் எடுத்தால், 31 வோல்டும் 5 ஆம்பியரும் பெருக்கி 155 வாட் வெப்பம். சோல்டரிங் அயர்ன் இரண்டைப் பெட்டிக்குள் வைத்ததை விட அதிகம். இதைக் குறைக்கத்தான் நல்ல லீனியர் பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை ரிலே மாற்றிக்கொண்டே இருக்கும். குமிழைத் திருப்பும்போது உள்ளே 'டிக், டிக்' என்று கேட்டால் கோளாறு என்று பதற வேண்டாம். கோராட் கே.ஏ.3005டி போன்றவை இப்படித்தான் சத்தம் போடும்.

எஸ்.எம்.பி.எஸ். வேறு வழியில் போகிறது. 230 வோல்ட் ஏ.சி.யை நேரடியாக டி.சி.யாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் இறக்குகிறது. எடை குறைவு, வெப்பம் குறைவு, அதே விலைக்கு ஆம்பியர் அதிகம். பதிலுக்கு அவுட்புட்டில் இரைச்சல். நல்ல லீனியரில் ரிப்பிள் ஒரு மில்லி வோல்டுக்கும் கீழே இருக்கும், சாதாரண எஸ்.எம்.பி.எஸ். மேசைப் பெட்டியில் பத்து, இருபது, சிலவற்றில் அதற்கும் மேலே மில்லி வோல்ட் வரும். எல்.இ.டி. ஸ்ட்ரிப்புக்கும் மோட்டாருக்கும் ரிலேவுக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. மைக் பிரிஆம்ப்ளிஃபையர், ரேடியோ, லோட்செல் அளக்கும் சர்க்யூட் என்று வந்தால், தப்பு சர்க்யூட்டில் இருக்கிறதா, சப்ளையில் இருக்கிறதா என்று தேடியே நாள் போய்விடும்.

பலரும் கவனிக்காத இன்னொரு வேறுபாடு எர்த். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். பாடி எர்த்தோடு சேர்ந்திருந்தால் தொந்தரவில்லை. எர்த் இல்லாத பிளக்கில் சொருகினால் பாடி ஏறத்தாழ 115 வோல்டில் மிதக்கும். கரண்ட் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. புறங்கையால் வருடினால் சுருசுருவென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதே நிலையில், அவுட்புட்டின் மைனஸும் பாடியோடு சேர்ந்திருக்க, எர்த் உள்ள கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. வயரை உங்கள் போர்டில் சொருகினால், அந்த வோல்டேஜ் முழுதும் போர்டு வழியாக இறங்க வழி தேடலாம். "நேற்று வரை ஓடிய போர்டு இன்று காரணமே இல்லாமல் செத்துவிட்டது" என்று சொல்பவர்களிடம் சுவர் பிளக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

இன்வெர்ட்டரில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் லீனியர் பெட்டி உறுமும், உச்ச வோல்டேஜும் குறையும். ஈ.பி. மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். 230 வோல்ட் சதுர அலையின் உச்சம் அதே 230தான். அதனால் 30 வோல்ட் பெட்டி 30ஐ எட்டாமல் திணறலாம். இந்த இடத்தில் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

மலிவு வழிகள்

கல்லூரி மாணவர்கள் அதிகம் போகும் வழி, பழைய கம்ப்யூட்டரின் ஏ.டி.எக்ஸ். சப்ளையைப் பிரித்து 3.3, 5, 12 வோல்ட் வயர்களை வெளியே இழுப்பது. செலவில்லை, உண்மை. ஆனால் 12 வோல்ட் வயரில் இருபது ஆம்பியர் வரை தரக்கூடிய அந்தப் பெட்டிக்கு உங்கள் சின்ன சர்க்யூட்டில் ஷார்ட் என்பதே உறைக்காது. ஒரு மெல்லிய வயர் சிவந்து எரிந்து அறுந்த பிறகும் அது ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். முடித்த, சோதித்த போர்டை ஓட்ட இது சரி. புது சர்க்யூட்டைச் சோதிக்க ஆகாது. கவரைத் திறந்து வேலை பார்ப்பவர்களுக்கு: பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்டோ அதற்கும் மேலோ சிறிது நேரம் தங்கியிருக்கும்.

ஓட்டை போட்ட தகரக் கவரில் வரும் 12, 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்., சிசிடிவி ஆட்கள் சுவரில் மாட்டுவது, இன்னும் மோசம். 230 வோல்ட் வரும் ஸ்குரூ டெர்மினல் 24 வோல்ட் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே, பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் மூடியோடு மட்டும் இருக்கும். அந்த மூடி தொலைந்து போவது விதி. இதைப் பெட்டிக்குள் பூட்டி, ஃபியூஸ் போட்டு, முன்னால் கரண்ட் லிமிட் உள்ள டி.சி. மாட்யூல் ஒன்றை வைத்தால் உருப்படியான சப்ளை ஆகிவிடும். வெறுமனே மேசையில் கிடத்தி வைக்காதீர்கள்.

மொபைல் சர்வீஸ் கடைகளில் காணும் 15 வோல்ட் 2 ஆம்பியர் குட்டிப் பெட்டியைக் குறைத்து எடைபோட வேண்டாம். போனை ஆன் செய்யும்போது அதன் முள் எப்படி எழுகிறது, எங்கே நிற்கிறது என்பதை வைத்தே போர்டில் எங்கே கோளாறு என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். முள் மீட்டரின் அந்த வேகம் டிஜிட்டல் எண்ணுக்கு வராது. 12 வோல்டுக்கு மேல் வேலையில்லாதவர்களுக்கு இது போதும்.

ரைகால், சிக்லெண்ட் போன்ற மூன்று சேனல் புரோகிராமபிள் பெட்டிகள் நன்றாக இருக்கும். பிளஸ் மைனஸ் 15 வோல்ட் தேவைப்படுகிற, அளவீடுகளைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டிய ஆளுக்கு அவை. வீட்டு மேசைக்கு அவசரமில்லை.

எதை வாங்கினாலும் கடையிலேயே மூன்று விஷயம் பாருங்கள். கரண்டுக்குத் தனிக் குமிழ் உண்டா? அவுட்புட்டை மட்டும் நிறுத்தும் பட்டன் உண்டா? டிஸ்பிளே நான்கு இலக்கமா? மூன்று இலக்கப் பெட்டியில் கரண்ட் 10 மில்லி ஆம்பியர் படிகளில்தான் தெரியும். 8 மில்லி ஆம்பியர் இழுக்கும் சர்க்யூட்டுக்கு அது பூஜ்யமோ பத்தோ காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

பழைய லீனியர் பெட்டி ஏலத்தில் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் சோதித்து. பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆன பெட்டியில் குமிழை எங்கே வைத்தாலும் முழு வோல்டேஜும் வெளியே வரும். மல்டிமீட்டரை மட்டும் இணைத்து, குமிழைக் கீழிருந்து மேலே மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எண் துள்ளினால் குமிழின் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) தேய்ந்திருக்கிறது, மாற்றியாக வேண்டும். லோடு வைத்துப் பார்க்க பைக்கின் 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்ப் போதும், ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். காரின் 60 வாட் ஹெட்லைட் பல்பைப் போட்டால் 5 ஆம்பியர் கேட்கும். அப்போது 3 ஆம்பியர் பெட்டியில், கரண்ட் லிமிட்டைத் தொட்டதைக் காட்டும் சி.சி. விளக்கு எரிந்து, வோல்டேஜ் தானாக இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேசையில் வைக்கும் முன்

வெளிநாட்டுப் பெட்டி என்றால் முதலில் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் 110, 220 என்று எழுதிய சிறு ஸ்லைடு ஸ்விட்ச் இருக்கும். அது 110இல் இருந்து, நீங்கள் நம்மூர் 230இல் சொருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் மட்டும் போகும். இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரோ கெப்பாசிட்டரோ போகும். இந்த ஸ்விட்சைப் பார்க்காமல் எந்தப் புதுப் பெட்டியையும் சொருகாதீர்கள்.

கூட வரும் கார்டு நம் சாக்கெட்டுக்குச் சேராது என்று யுனிவர்சல் அடாப்டர் தேடாதீர்கள். அவற்றில் பல எர்த்தைத் தொடுவதே இல்லை. கம்ப்யூட்டருக்குப் போடும் மூன்று பின் கார்டே பெரும்பாலான பெட்டிகளுக்குப் பொருந்தும். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான். வயரின் ஒரு இழையைச் சுற்றுகிற நம்மூர் வைத்தியம் இங்கே வேண்டாம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் நல்லது. ஆனால் அது 230 வோல்ட் பக்கத்துக்குத்தான் காவல். டி.சி. பக்கம் தனிமைப்படுத்தப்பட்டது, அங்கே நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது.

ஃபேன் உள்ள பக்கத்தைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விடுங்கள். லீனியர் பெட்டியின் தலையில் ஆஸிலாஸ்கோப்பை ஏற்றி வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் எறும்பும் பல்லியும் சூடான இடம் தேடி உள்ளே புகுவது வேடிக்கைப் பேச்சல்ல. ஃபேன் ஓட்டைக்கு மெல்லிய வலை போட்டு, அதன் தூசியை அவ்வப்போது தட்டிவிடுங்கள்.

இயக்கும்போது

முன்பக்கம் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று டெர்மினல். பச்சை, எர்த். கறுப்பு எர்த் அல்ல. அது மைனஸ் மட்டுமே. நல்ல பெட்டியில் சிவப்பும் கறுப்பும் எர்த்தோடு தொடர்பில்லாமல் மிதக்கும். சிலர் கறுப்பையும் பச்சையையும் ஒரு தகடால் இணைத்தே வைத்திருப்பார்கள். ஆஸிலாஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கறுப்பு எர்த்தில் இருக்க, அந்தக் கிளிப்பை சர்க்யூட்டின் வேறொரு புள்ளியில் மாட்டினால், அந்தப் புள்ளி எர்த் வழியாகக் கறுப்போடு ஷார்ட். தகடு தேவையா என்று ஒவ்வொரு வேலைக்கும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

இனி கரண்ட் லிமிட். அவுட்புட் பட்டன் உள்ள பெட்டியில் ஆஃப் நிலையிலேயே எண்ணை வைத்துவிடலாம். இல்லாத பெட்டியில் வோல்டேஜை 2, 3க்கு இறக்கி, கரண்ட் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், சிவப்பையும் கறுப்பையும் தடித்த வயரால் ஷார்ட் செய்யுங்கள். குமிழை மெல்லத் திருப்பி 50 மில்லி ஆம்பியரோ 100ஓ வந்ததும் நிறுத்துங்கள். ஷார்ட்டை எடுத்துவிட்டு வோல்டேஜை வையுங்கள். புது சர்க்யூட் 30 மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று கணக்கிட்டிருந்தால், 50க்கு மேல் லிமிட் வைக்க எந்த நியாயமும் இல்லை. இணைத்ததும் சி.சி. விளக்கு எரிகிறதா? எங்கோ தப்பு. லிமிட்டை ஏற்றிப் பார்ப்போம் என்று கை போவதற்குள் அவுட்புட்டை அணையுங்கள்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. அவுட்புட் டெர்மினலுக்கு உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது; அதில் ஏறியிருக்கும் சார்ஜுக்கு உங்கள் லிமிட் கட்டுப்படாது. 12 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் வைத்துவிட்டு வெறும் வெள்ளை எல்.இ.டி.யைத் தொட்டால், லிமிட் விழித்துக்கொள்ளும் முன் எல்.இ.டி. போய்விடலாம். அதனால் முதலில் வயரை இணையுங்கள், பிறகு அவுட்புட்டை ஆன் செய்யுங்கள்.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 0.75 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்றால் 5 ஆம்பியரில் கால் வோல்ட் வயரிலேயே போய்விடும். 3.3 வோல்ட் போர்டுக்கு அது பெரிய இழப்பு. சப்ளையின் டிஸ்பிளேயை நம்பாமல் போர்டின் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

30 வோல்ட் சேனல் இரண்டை சீரியலில் போட்டால் 60 வோல்ட் வரும். உலர்ந்த சூழலில் அபாய எல்லையாகத் தரநிலைகள் பொதுவாக வைப்பதே 60 வோல்ட் டி.சி.தான்; வியர்த்த கைக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதே நேரம், 5 வோல்டில் ஷாக் இல்லை என்று அலட்சியமும் ஆகாது. 10 ஆம்பியர் முனைகளுக்கு நடுவே மோதிரமோ காப்போ மாட்டினால் தோல் வெந்துவிடும். கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். பேரலலில் இரண்டு பெட்டிகளைச் சேர்ப்பது, பெட்டியிலேயே அதற்கென முறை இருந்தால் மட்டும்.

பேட்டரியை இணைப்பதில்தான் பெட்டிகள் அதிகம் சாகின்றன. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பேட்டரி பெட்டிக்குள் திருப்பித் தள்ளும். வயரில் ஒரு டயோடு போட்டால் தடுக்கலாம். அதன் வோல்டேஜ் இழப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லித்தியம் செல்லுக்கு 4.2 வோல்டைத் தாண்டக் கூடாது. பவர் சப்ளைக்கு செல்லின் சூடு தெரியாது, போதும் என்றும் நிறுத்தாது. ஆகவே லித்தியத்தை இதில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அதற்குரிய சார்ஜர் இருக்கிறது.

முதல் பெட்டி வாங்குபவருக்கு என் தீர்ப்பு: 30 வோல்ட் 3 ஆம்பியர் லீனியர், தனிக் கரண்ட் குமிழ், அவுட்புட் பட்டன், நான்கு இலக்கம். மோட்டாரும் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பும் மட்டுமே உங்கள் தொழில் என்றால் எஸ்.எம்.பி.எஸ். எதுவானாலும், பெட்டி வீட்டுக்கு வரும் முன் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்த மேசைக்குரிய சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா, நியூட்ரலை வளைத்து எர்த் என்று கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.