ஊரைக் கெடுத்தது கல்லா?

அண்மையில் ஒரு வீட்டாரின் அழைப்பின் பேரில் துஆ ஓதச் சென்றிருந்தேன். ஓதி முடித்து எழுந்திருக்கும் சமயத்தில் அந்த வீட்டு மூதாட்டி கதவோரம் நின்றபடி, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார்கள். கூடத்துச் சுவரில் ஒரு பழைய ஊசல் கடிகாரம் தொங்கிக் கொண்டிருந்தது. மகன் அதை ஏலத்தில் எடுத்து வந்தாராம். அது வந்து மூன்று மாதம் ஆகுமுன் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. மருமகளுக்கு உண்டான கர்ப்பம் தங்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று போயிற்று. "யார் வீட்டுச் சாபமோ இதிலே ஏறி வந்திருக்கு. கடல்லே போட்டுடலாமா, இல்லே வேறே யாருக்காவது கொடுத்துடலாமா?" என்று கேட்டார்கள்.

வேறு யாருக்காவது கொடுப்பதாம்! பீடை என்று தாம் நம்புகிற பொருளை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவதில் அவர்களுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அன்று சுருக்கமாக ஒரு பதில் சொல்லிவிட்டு வந்தேன். அது போதாது என்று மனம் உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

ஒரு பொருளில் சாபம் குடியிருக்கிறது, அதைத் தொட்டால் குடும்பம் அழியும், ஊர் அழியும் என்ற அச்சம் இன்று தோன்றியதல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒரு நகரம் முழுவதுமே அந்த அச்சத்தில் கிடந்தது. அந்த நகரம் தாயிஃப். மக்காவுக்குத் தென்கிழக்கே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த மலையூர். திராட்சைத் தோட்டங்களும், தோல் பதனிடும் தொழிலும், சுற்றிலும் உறுதியான மதிலும் உடைய செல்வ நகரம். அங்கே வாழ்ந்தவர்கள் ஸகீஃப் கோத்திரத்தார். அவர்களுடைய லாத் என்பது ஒரு சதுரப் பாறை. அதன் மேல் கட்டடம் எழுப்பித் திரையிட்டு, பொன்னும் மணியும் சேர்த்து வைத்து, அதை 'ரப்பா', அதாவது தலைவி என்று அழைத்து வந்தார்கள். ஹஜ்ஜுக்கு வருவோருக்கு மாவு குழைத்துக் கொடுத்து வந்த ஒரு மனிதரின் பெயரே லாத் என்று ஹழ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் வந்துள்ளது. ஏழைக்கு மாவு கொடுத்த மனிதர் போய், கல் மட்டும் மிஞ்சி விட்டது பாருங்கள்.

இந்தக் கல்லைப் பற்றிய அச்சம் தாயிஃபோடு நிற்கவில்லை. மக்காவில் ஸின்னீரா (ரலி) என்ற அடிமைப் பெண்மணி இஸ்லாத்தைத் தழுவியதற்காகக் கொடுமைப்படுத்தப்பட்டு, ஹழ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களால் விலைக்கு வாங்கப்பட்டு விடுதலை பெற்றார்கள். அதன் பின் அவர்களுக்குப் பார்வை போயிற்று. உடனே குறைஷிகள், லாத்தும் உஸ்ஸாவும்தான் இவள் கண்ணைப் பறித்துவிட்டன என்று பேசத் தொடங்கினார்கள். அந்தப் பெண்மணியோ, அவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அல்லாஹ் தஆலா அவர்களுக்குப் பார்வையைத் திரும்பக் கொடுத்தான். கண் தெரியாத நிலையில் அந்தச் சொல்லைச் சொல்ல எத்தகைய ஈமான் வேண்டும்! பார்வை திரும்புமென்று அவர்களுக்கு யாரும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

ளிமாம் இப்னு ஸஃலபா (ரலி) அவர்கள் மதீனா வந்து இஸ்லாத்தை ஏற்றுத் தம் கூட்டத்தாரிடம் திரும்பியதும் லாத்தையும் உஸ்ஸாவையும் இழித்துப் பேசினார்கள். கூட்டத்தார் நடுங்கிப் போய், வெண்குஷ்டம் வரும், தொழுநோய் வரும், பைத்தியம் பிடிக்கும், வாயை மூடும் என்றார்கள். அவர்களுக்கு எதுவும் வரவில்லை. அன்று மாலைக்குள் அந்தக் கூட்டத்தில் ஆணோ பெண்ணோ இஸ்லாத்தில் சேராதவர் இல்லை என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன.

தாயிஃபுக்கு வருவோம். ஹிஜ்ரத்துக்கு ஏறக்குறைய மூன்றாண்டுகளுக்கு முன் அண்ணலார் அங்கே சென்றதும், ஊர்ப் பொறுக்கிகளை ஏவிக் கல்லெறிய வைத்ததும் நம் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஹிஜ்ரி 8-ம் ஆண்டில் (கி.பி. 630) ஹுனைன் போருக்குப் பின் அந்நகரம் முற்றுகையிடப்பட்டது, மதில் தாக்குப் பிடித்தது, முற்றுகை நீக்கப்பட்டது. பிறகு அவ்வூர்த் தலைவர்களில் ஒருவரான உர்வா இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் தாமே மதீனா சென்று முஸ்லிமாகி, தம் மக்களை அழைப்பதற்காகத் திரும்பினார்கள். தம்மைக் கண்ணுக்குக் கண்ணாக நேசித்த மக்கள் என்று நம்பியிருந்தார்கள். அந்த மக்களே அம்பெய்து அவர்களை ஷஹீதாக்கினார்கள்.

சில மாதங்களில், சுற்றிலும் உள்ள அரபுகள் அனைவரும் முஸ்லிம்களாகி விட்டதைக் கண்டு தாயிஃப்வாசிகளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஹிஜ்ரி 9, ரமலான் மாதத்தில் அப்து யாலீல் என்பவர் தலைமையில் ஒரு தூதுக்குழு மதீனா வந்தது. அண்ணலார் அவர்களுக்கு மஸ்ஜிதின் ஓரத்தில் கூடாரம் அடித்துக் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தை தொடங்கியது. அதில் அவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்பதைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

லாத்தை மூன்றாண்டுகளுக்கு விட்டு வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். மறுக்கப்பட்டது. ஆண்டைக் குறைத்துக் கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு மாதம் என்றார்கள். அதுவும் மறுக்கப்பட்டது. அதை இடிக்கத்தான் வேண்டும் என்றதும் திடுக்கிட்டு, தன்னை இடிக்கப் போகிறார்கள் என்று ரப்பாவுக்குத் தெரிந்தால் எங்கள் ஊராரைக் கொன்றுவிடுமே என்றார்கள். அருகில் இருந்த ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் பொறுக்க மாட்டாமல், அப்து யாலீலின் அறியாமையை இடித்துரைத்து, அது வெறும் கல்தானே என்றார்கள். நாங்கள் உம்மிடம் பேச வரவில்லை என்று அவர்கள் முகத்தைத் திருப்பிக் கொண்டார்களாம். இறுதியில், எங்கள் கையால் இடிக்கச் சொல்லாதீர்கள் என்று மன்றாடினார்கள். இது மட்டும் ஏற்றுக் கொள்ளப்பட்டது.

அதே பேச்சுவார்த்தையில் அவர்கள் கேட்ட மற்றவை என்ன? தொழுகையிலிருந்து விலக்குக் கேட்டார்கள். நாங்கள் வெளியூர் செல்கிறவர்கள், விபசாரத்தை விட முடியாது என்றார்கள். எங்கள் சொத்தெல்லாம் வட்டியில் இருக்கிறது என்றார்கள். எங்கள் திராட்சையின் சாறு, மதுவை எப்படி விடுவது என்றார்கள். ஒன்றுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. வட்டியைப் பொறுத்த வரை, கொடுத்த முதல் உங்களுக்கு உண்டு, அதற்கு மேல் இல்லை என்று தீர்ப்பாயிற்று.

இப்போது சொல்லுங்கள், அந்த நகரத்தைக் கெடுத்தது எது? கல் தன் இடத்தில் அசையாமல் கிடந்தது. அது யாரையும் குடிக்க வைக்கவில்லை. யாருடைய கடன் பத்திரத்திலும் வட்டியை ஏற்றி எழுதவில்லை. ஸகீஃபின் ஒரு கிளையார் மக்காவில் பனூ முகீரா குடும்பத்தாருக்கு வட்டிக்குக் கொடுத்திருந்தார்கள். தவணை வரும்போது கட்ட முடியாவிட்டால் தொகையைப் பெருக்கித் தவணையைத் தள்ளிப் போடுவது அக்கால வழக்கம். இந்தக் கொடுக்கல் வாங்கல் பின்னர் வழக்காக எழுந்தபோதுதான், எஞ்சியுள்ள வட்டியை விட்டுவிடும்படியும், விடாதவருக்கு அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவிப்பதாகவும் எச்சரிக்கும் பகரா சூராவின் 278, 279 ஆயத்துகள் இறங்கியதாகத் தஃப்ஸீர்களில் காணப்படுகிறது. கல்லைப் பற்றி அத்தனை அஞ்சிய ஊர், இதைப் பற்றி அஞ்சியதே இல்லை!

திருக்குர்ஆன் இந்த மனப்போக்கைப் பல இடங்களில் காட்டுகிறது. மூஸா நபி (அலை) அவர்களின் காலத்தில் விளைச்சல் குறைந்தால் அது மூஸாவின் பீடை என்றார்கள் ஃபிர்அவ்னின் மக்கள். ஸாலிஹ் நபி (அலை) அவர்களையும் அவர்களோடு இருந்தவர்களையும் ஸமூது மக்கள் அபசகுனம் என்றார்கள். ஆனால் அந்நகரில் குழப்பம் விளைவித்தவர்கள் ஒன்பது பேர் என்று நம்ல் சூரா கணக்கோடு சொல்லிவிடுகிறது. ஒன்பது மனிதர்கள், ஒரு பொருளும் அல்ல. மத்யன் நகரத்தாரைப் பற்றிய பேச்சில் தராசும் படியும் வருகின்றன. அங்கேயும் குற்றம் தராசில் இல்லை, அதைப் பிடித்த கையில் இருந்தது.

இவ்விடத்தில் விவரம் தெரிந்த சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். வீடு, பெண், குதிரை ஆகிய மூன்றில் அபசகுனம் உண்டு என்று ஹதீஸ் வந்திருக்கிறதே என்பார்கள். வந்திருக்கிறது, மறைப்பதற்கில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கேட்டுக் கடுமையாகக் கோபமுற்று, அது அறியாமைக் காலத்து மக்களின் பேச்சென்றே அண்ணலார் எடுத்துச் சொன்னார்கள் என்று விளக்கினார்கள். ஒரு வீட்டுக்குக் குடிபோன பின் ஆளும் பொருளும் குறைந்து விட்டதாக முறையிட்டவரை அந்த வீட்டை விட்டுவிடச் சொன்ன ஹதீஸும் அபூதாவூதில் உண்டு. வீட்டுக்குத் தீங்கு செய்யும் சக்தி இருப்பதாகக் கருதி அப்படிச் சொல்லவில்லை. அவ்வெண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றி விடாமல் இருக்கவே சொன்னார்கள் என்று உலமாக்கள் பொருள் கூறியுள்ளார்கள். கண்ணேறும் சூனியமும் ஹதீஸில் உள்ளவையே. ஆனால் அவை மனிதரின் பொறாமையிலிருந்தும் வஞ்சகத்திலிருந்தும் வருபவை; அவற்றுக்குரிய ஓதல்களும் நமக்குக் கற்றுத் தரப்பட்டுள்ளன. ஏலத்தில் எடுத்த கடிகாரத்துக்கு அதில் சம்பந்தமில்லை.

ஹஜருல் அஸ்வதை முத்தமிடுகிறோமே என்றால், அதை முத்தமிட்டபோதே உமர் (ரலி) அவர்கள், நீ நன்மையோ தீமையோ செய்யாத கல் என்பதை நான் அறிவேன், அண்ணலார் முத்தமிட்டதைக் கண்டதால் முத்தமிடுகிறேன் என்ற கருத்தில் உரக்கச் சொல்லிவிட்டார்கள். தாயிஃப் கல்லையும் கஃபாவின் கல்லையும் பற்றி அவர்கள் பேசிய பேச்சு ஒன்றே.

கடிகாரத்து வீட்டில் அன்று நான் மகனைத் தனியே அழைத்துக் கடையைப் பற்றி விசாரித்தேன். தலை குனிந்தபடி சொன்னார். கடையை விரிவாக்க வட்டிக்கு வாங்கியிருக்கிறார். அதைத் தாயிடமும் தம்பியிடமும் மறைத்திருக்கிறார். தம்பி பங்குக் கணக்குக் கேட்டதில்தான் பேச்சு நின்றிருக்கிறது. கடிகாரம் வருவதற்கு ஓராண்டு முன்பே வாங்கிய கடன். மருமகளின் கர்ப்பத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அது அல்லாஹ்வின் நாட்டம். அதற்கு மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஸப்ரு செய்ய வேண்டும். எல்லாத் துன்பத்தையும் அவரவர் பாவத்தோடு முடிச்சுப் போடுவது, கடிகாரத்தோடு முடிச்சுப் போடுவதைப் போன்ற இன்னொரு தவறு. நபிமார்களுக்கு வராத சோதனையா?

தாயிஃபில் நடந்ததைச் சொல்லி விடுகிறேன். ரப்பாவை இடிக்க அதே ஸகீஃப் கோத்திரத்தவரான முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களும், அபூ ஸுஃப்யான் (ரலி) அவர்களும் அனுப்பப்பட்டார்கள். ஊரே திரண்டு நின்றது. பெண்கள் தலைத் துணி இன்றி அழுதபடி வெளியே வந்தார்கள். உர்வாவுக்கு நேர்ந்தது முகீராவுக்கும் நேராதிருக்க அவர்களுடைய குடும்பத்தார் சுற்றி நின்று காவல் காத்தார்கள். முகீரா (ரலி) அவர்கள் தம் தோழர்களிடம், ஸகீஃபைப் பார்த்து உங்களைச் சிரிக்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையால் ஓங்கி ஓர் அடி அடித்து, அப்படியே விழுந்து காலை உதைத்துத் துடித்தார்கள். ரப்பா அவரைக் கொன்றுவிட்டது என்று ஊர் ஆரவாரம் செய்தது. உடனே துள்ளி எழுந்து, இது கல்லும் மண்ணும்தான் என்று கூறிவிட்டுக் கதவை உடைத்து, சுவர் மேல் ஏறி, கல் கல்லாகப் பெயர்த்தார்கள். அப்போதும் காவலாளி விடவில்லை. அடித்தளம் சினந்து இவர்களை விழுங்கிவிடும் என்றான். முகீரா (ரலி) அவர்கள் அடித்தளத்தையும் தோண்டி மண்ணை வெளியே எடுத்துப் போட்டார்கள். யாரையும் எதுவும் விழுங்கவில்லை.

உள்ளே இருந்த பொன்னும் நகையும் கைக்கு வந்தன. ஷஹீதான உர்வா (ரலி) அவர்கள் கடன் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களின் மகன் அபூ முலைஹ் (ரலி), அந்தப் பொன்னிலிருந்து தந்தையின் கடனைத் தீர்க்க அண்ணலாரிடம் அனுமதி கேட்டுப் பெற்றிருந்தார்கள். உடனிருந்த காரிப் (ரலி) அவர்கள், தம் தந்தை அஸ்வதின் கடனையும் தீர்க்கக் கேட்டார்கள். அஸ்வத் உர்வாவின் உடன்பிறந்தவர். ஆனால் இணைவைத்த நிலையில் இறந்தவர். அண்ணலார் அதை எடுத்துக் காட்டினார்கள். யா ரஸூலல்லாஹ், அவர் மகனான நான் முஸ்லிம் அல்லவா, அந்தக் கடன் என் தலைமேல் அல்லவா இருக்கிறது என்றார்கள் காரிப் (ரலி). அதற்கும் அனுமதி கிடைத்தது. லாத்தின் பொன்னிலிருந்து இருவர் கடனும் அடைக்கப்பட்டது.