நிழற்படத்துக்கு உரியவர்

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் கூடும் எல்லையில் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவை அடுத்துப் பெரியது இதுவே. குளிர்காலத்தில் இங்குப் பூநாரைகள் திரள்கின்றன. அவற்றைக் காமிராவிற் பதிக்கப் பலரும் வருகின்றனர். அவ்வேரியிலேயே இருளர் குலப் பெண்கள் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். பனையோலைப் பறியைப் பற்களாற் கவ்வியிருக்கின்றனர். வந்தவர் அக்காட்சியையும் படமாக்கிச் செல்வதுண்டு. பறவையிடம் இசைவு கேட்க இயலாது. மனிதரிடமும் கேளாது எடுத்துச் செல்லுதல் முறையாகுமா? படத்தால் எடுத்தவர் புகழ் பெறுகிறார். எடுக்கப்பட்டவர் பெறுவது யாது?

அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று இவ்வினாவின் ஆழத்தைக் காட்டும். 1936-ஆம் ஆண்டு, பட்டாணி பறிக்க வந்து வேலையின்றித் தவித்த கூலியாட்களின் முகாமொன்றை டோரதியா லாங்கே என்னும் அம்மையார் கலிபோர்னியாவிற் கண்டார். அங்குக் குழந்தைகளோடு அமர்ந்திருந்த ஒரு தாயைச் சிறிது நேரத்தில் படமெடுத்தார், பெயரைக் கேட்டிலர். அப்போது எடுத்த படங்கள் செய்தித்தாளில் வெளிவந்ததும் அரசு அம்முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அத்தாய் வேறிடம் சென்றுவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அவர் முகத்தை அறிந்திருந்தது, பெயரை அறியவில்லை. அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல் வெளிப்பட்டது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார். லாங்கே தீய எண்ணம் உடையவரல்லர். ஏழைகளின் துயரை நாட்டுக்கு உணர்த்தவே உழைத்தவர். எனினும், நல்லெண்ணம் ஒன்றே போதாது என்பதை அத்தாயின் வருத்தம் புலப்படுத்துகிறது.

இவ்வுண்மையை உணர்ந்து தொழில் புரிபவர் மதுரை மாவட்டத்திற் பிறந்த பழனிக்குமார். மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர் அவர் அன்னையார். உழைக்கும் பெண்களை அயலாராகக் காணாமல், தம் தாயின் உறவினராகவே அவர் கண்டார். 2017-இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ என்னும் ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, துப்புரவுத் தொழிலாளர் படும் துயரைக் காட்டினார். இராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களையும், பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர்ப் பகுதியில் இறால் பிடித்து வாழும் இருளர் மூதாட்டி ஒருவரையும் படமெடுத்தார். அவை ‘பாரி’ என்னும் இணைய ஆவணக் களஞ்சியத்தில் வெளியாயின. அவற்றிற் படம் மட்டும் நிற்கவில்லை. உழைப்பவரின் பெயரும் சொல்லும் உடன் நிற்கின்றன. தயானிதா சிங்–பாரி ஆவண நிழற்பட விருது 2022-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்றவர் இவரே.

அவர் அத்துடன் அமையவில்லை. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் கையிலும் மீனவப் பெண்களின் கையிலும் காமிராவைக் கொடுத்துப் பயிற்றுவித்தார். அதுவரை பிறர் படங்களில் தோன்றியவர்கள் தங்கள் தெருவையும் தொழிலையும் தாங்களே படமெடுத்தனர். எதைக் காட்டுவது, எதைக் காட்டாது விடுவது என்னும் உரிமை அவர்கள் கைக்கு வந்தது. அயலார் இரக்கத்தை மட்டும் காணும் இடத்தில் அவர்கள் திறமையையும் மகிழ்ச்சியையும் கண்டனர்.

நிழற்படம் ஒருவருடைய முகத்தைப் பெற்று ஊரெங்கும் செல்கிறது. முகம் கடனாகப் பெற்ற பொருள் போன்றது. கடன் பெற்றவர் கொடுத்தவரை மறத்தல் அறமன்று. பறியைப் பற்களாற் கவ்வியிருக்கும் பெண் அவ்வேளையில் வாய் திறந்து பேச இயலாதவர். அவர் கரையேறும் வரை காத்திருந்து, பெயரைக் கேட்டு, இசைவு பெற்று, எடுத்த படத்தை அவரிடமும் கொண்டுவந்து காட்டுபவரே சிறந்த கலைஞர் ஆவார்.