ஆழ்குரற் கிளாரினெற்றுகள்

கிளாரினெற் என்றவுடன் சின்னமேளத்தில் ஒலித்த கருங்குழலே நம்மவர்க்கு நினைவில் வரும். அக்குழலுக்கு ஒரு குடும்பம் உண்டு. அதன் அருகிய உறுப்பினர் மேனாட்டு அரங்கிலே பெற்ற இடத்தை ஈண்டு நோக்குவாம்.

நாதஸ்வரத்தின் உட்டுளை மேலே ஒடுங்கிக் கீழே விரிவது. கிளாரினெற்றின் உட்டுளையோ பெரும்பாலும் ஒரே அகலமுடையது. இவ்வேறுபாட்டின் பயனை மாணவர் காண்க. சட்சம் ஒலிக்கும் விரல்வைப்பை மாற்றாது ஒலியை மேலே ஏற்றின், நாதஸ்வரம் மேற்சட்சத்தைத் தரும். கிளாரினெற் அதனையுங் கடந்து, அதற்கு மேலுள்ள பஞ்சமத்தைத் தரும். அன்றியும், ஒத்த நீளமுள்ள கூம்புக் குழலினும் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஆழ்ந்த மந்தரம் இக்குடும்பத்துக்கு எளிதிற் கைவந்த காரணம் இதுவே.

வழக்கமான குழலுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது பாஸ் கிளாரினெற். அடோல்ப் சாக்ஸ் 1838 இல் அதனைச் செம்மைப்படுத்தினார். அதற்கு ஈராண்டு முன்னரே, 1836 இல், மெயர்பேர் தமது 'லெ ஹியூகனோ' என்னும் இசைநாடகத்தை பாரிசில் அரங்கேற்றினார். அதன் ஐந்தாம் அங்கத்திலே, சாவு சூழ்ந்து நிற்கும் வேளையில் முதிய பணியாளன் மார்செல் காதலர் இருவரை மணத்தாற் பிணிக்கின்றான். அவன் வினாக்களோடு உடன் உரையாடுவது பாஸ் கிளாரினெற்றே. அவ்விடத்துக்கு வயலின் பொருந்தாது என்பதே நம் துணிபு.

இக்குழல்களின் விரல்வைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆதலின் ஒருவரே பலவற்றை வாசித்தல் கூடும். 1924 இல் கேர்ஷ்வினின் 'ரப்சொடி இன் புளூ' நியூயோர்க்கில் அரங்கேறியபோது, அதன் தொடக்கத்தில் வழுக்கியேறும் புகழ்பெற்ற ஒலியை ஊதிய றொஸ் கோர்மன், அதே இருக்கையிலிருந்து ஆல்ற்றோ, பாஸ் கிளாரினெற்றுகளையும் வேறு குழல்களையும் வாசித்தார். பேண்ஸ்ரைனின் 'வெஸ்ற் சைட் ஸ்ரோறி' (1957) நாடகத்தில் நாணற்குழல் வாசிப்போர் ஐவரே. சக்சபோன், ஒபோ, பசூன் முதலியவற்றோடு, சிறிய ஈ-பிளாற் கிளாரினெற்றும் பாஸ் கிளாரினெற்றும் அவ்வைவர் கைகளிலே மாறிமாறி வரும். ஒன்றை வைத்து மற்றொன்றை எடுக்கச் சில விநாடிகளே கிடைக்கும். எடுத்த குழல் குளிர்ந்திருப்பின் சுருதி இறங்கி நிற்கும். அரங்கின் முன்னுள்ள பள்ளத்தில் இருந்து இவ்வாறு உழைப்போரைச் சபையோர் காண்பதுமில்லை!

அவர் தொகை குறையுந்தோறும் எஞ்சியோர் காலடியிற் குழல்கள் பெருகும். அன்றேல் அரிய குரல்கள் மின்னிசைக் கருவிக்குப் போகும். 2003 மார்ச்சில் நியூயோர்க் அரங்க வாத்தியகாரர் இதன்பொருட்டே வேலைநிறுத்தஞ் செய்தனர். கணினியிசை கொண்டு நாடகத்தை நடத்த முனைந்தோரோடு மேடையேற நடிகர் மறுத்தனர். நான்கு நாட்களில் உடன்பாடு ஏற்பட்டது. பெரிய அரங்குகளில் 24 முதல் 26 வரை இருந்த குறைந்தபட்ச வாத்தியகாரர் தொகை 18, 19 ஆயிற்று.